வளவுச் சுவத்துல அஞ்சாவது படம்

சும்மா உக்காரச் சொன்னா மீனாளுக்கு உக்காரத் தெரியாது. அதனாலதான் அவ படத்துல மடியில ஒரு முறமும், முறம் நெறையச் சின்ன வெங்காயமும் வந்து சேந்துச்சு.

படத்தை எழுதுனது சுபத்திரா. மலேசியாவுல, இந்த மூவார் ஊர்லயே பொறந்து வளந்த பொண்ணு. சிலோன்காரங்க குடும்பம். அவங்க வீட்டுல பாட்டன் காலத்துலேர்ந்து எல்லாரும் கவர்மெண்டு வேலை, இவ ஒருத்திதான் பிரஷ்ஷைப் புடிச்சவ. மொத நாள் மீனாளை ஒரு நாற்காலியில உக்கார வச்சிட்டு, பென்சிலைச் சீவி முடிச்சு நிமுந்து பாத்தா நாற்காலி காலி. அடுப்புல பால் வச்சது ஞாபகம் வந்து மீனாள் போயிட்டா. திரும்பி வந்து உக்காந்தா. கொஞ்ச நேரத்துல தூத்தல் போடுதுன்னு கொடியில கெடந்த துணிய எடுக்க ஓடுனா. கடைசியில அந்தப் பொண்ணு கும்பிடாத குறையாக் கேட்டுச்சு, "ஆன்டி, என்ன குடுத்தா நீங்க ஒரே எடத்துல இருப்பீங்க?"

"வெங்காயம் குடு," ன்னா மீனாள்.

அப்படி ஆரம்பிச்ச படம், முடியிறப்ப கதவு உசரத்துக்கு நின்னுச்சு. மணையில உக்காந்திருக்கா மீனாள். கை வெங்காயத்துல, கண்ணு மட்டும் நிமுந்து நேராப் பாக்குது. வாசல்ல யாரோ வந்து நிக்கிறாங்க, யாரு என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடியே இவங்களுக்குச் சோறு காணுமான்னு மனசுக்குள்ளயே பானையை எட்டிப் பாத்துக்கிற பார்வை. மோவாய்ப் பக்கத்து மரு, கழுத்துத் தாலி, எண்ணெய் பட்டுக் கறுத்த சீலைத் தலைப்பு, எதையும் அந்தப் பொண்ணு விடல. மருவை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போட்டிருக்கலாம்னு மீனாள் கொறை சொன்னா. சொன்னாளே தவிர, எல்லாரும் அங்கிட்டு நகந்தப்ப போயி நின்னு பாத்துக்கிட்டா. ஒரு தடவையோட விடல.

மீனாளோட வீடு மூவார் ஆத்துக்கு அடுத்த தெருவுல இருக்கு. அவ வீட்டுக்காரரு சாத்தப்பனோட பூட்டன் வட்டிக்கடை வச்சிருந்த காலத்துல கட்டுனது. மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாருமே அதை 'ருமா செட்டி'ம்பாங்க, செட்டி வீடுன்னு. மகன் சரண் சிங்கப்பூர்ல அடுத்தவன் ஹோட்டலுக்கெல்லாம் உள்ளலங்காரம் பாத்துக்கிட்டு இருந்தவன். ஜொகூர்லேர்ந்து சிங்கப்பூர் போற பாலத்துல தெனம் ஜாம்ல உக்காந்து உக்காந்து முதுகு போயி, ஒரு நாள் வந்து, நம்ம வீட்டையே ஹோட்டலாக்குவோம் அப்பச்சின்னு அப்பங்கிட்ட நின்னான். பேரு என்ன வைக்கப் போறன்னு சாத்தப்பன் கேட்டதுக்கு, ஊரே ஒரு பேரு வச்சிருக்கு, நான் எதுக்கு வேற தேடணும்னுட்டான்.

ரெண்டு வருஷம் வேலை நடந்துச்சு. ஓடு மாத்துனாங்க. ஆத்துத் தண்ணி ஏறுற மாசத்துல ஊறி ஊறி உப்பிப் போன சுவத்தையெல்லாம் செதுக்கிட்டு மறுபடி பூசுனாங்க. பொருள் வச்சிருந்த அறை, பொண்ணுங்க புள்ள பெத்த அறை, எல்லாம் குளிரூட்டி வச்ச ரூமாச்சு. ரூமுக்கு ரூம் படம். ஜொகூர்ல படம் எழுதறவங்க யாரு யாருன்னு தேடித் தேடி வாங்கிட்டு வந்தான் சரண். ஒண்ணுல மீன் படகு, ஒண்ணுல மூவார் மரச்சாமான் பேக்டரியில மரத்தூள்ல வெள்ளையா நிக்கிற ஆளுங்க, ஒண்ணுல செம்பனைப் பழக் குலை ஏத்திக்கிட்டுப் போற லாரி. அத்தனை நாளும் வேலையாளுங்களுக்கு மீனாள்தான் ஆக்கிப் போட்டா. ஜாவாக்காரங்களுக்குக் காரம் கூட, பங்களாதேஷ்காரங்களுக்குப் பருப்பு கெட்டியா, சீனத் தச்சருக்குப் பால் ஊத்தாத கோப்பி ஓ. எந்தச் சுவரு எந்த வாரத்துல பூசுனதுன்னு கேட்டா, அன்னிக்கு என்ன கொழம்பு வச்சோம்னு யோசிச்சுச் சொல்லுவா.

வம்பு வந்தது படத்தை எங்க மாட்டறதுங்கறதுலதான்.

அந்த வீட்டுல வாசல் தாண்டி உள்ள வந்தா வளவு. நடுவுல வானம் தெரியிற முத்தம், சுத்தித் தூணு வச்ச கூடம். அந்தக் கூடத்துக் கெழக்குச் சுவத்துல நாலு படம் தொங்குது. சாத்தப்பனோட பூட்டன், பாட்டன், அப்பச்சி, எளவயசுல போன அண்ணன். நாலும் ஆம்பளைங்க, நாலும் செத்தவங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை நாலுக்கும் மாலை. பொம்பளை படம் ஒண்ணு கூட கெடையாது. மாமியா போனப்ப, அடையாளக் கார்டு ஐசியில இருந்த படத்தைப் பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டு மீனாள் கொண்டாந்தா. வளவுல பொம்பளைங்க படம் மாட்டுற வழக்கமில்லன்னு சாத்தப்பனோட அக்கா உமையாள் ஒரு வார்த்தை சொன்னா. பெத்த மகளே சொன்னதுக்கப்புறம் மருமக என்ன பேச? அந்தப் படம் துணி சுத்திக்கிட்டு பீரோவுக்குள்ள போயிடுச்சு.

அதே சுவத்துல, அண்ணன் படத்துக்குப் பக்கத்துல, சரண் அஞ்சாவதா மீனாள் படத்தை மாட்டிட்டான். சாத்தப்பன் ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, உயிரோட இருக்கிறவளைப் போயி அந்த வரிசையில வைக்கிறது மனசுக்கு ஒப்பலன்னு. மகனுக்கும் அவருக்கும் பேச்சு முத்திச்சு. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தாரு.

"தொறப்பு விழா வரைக்கும் இருக்கட்டும். அன்னிக்கு நம்ம ஆளுங்கள்லாம் வருவாங்க. ஒருத்தராச்சும் வாய்விட்டு இது தப்புன்னு சொன்னாங்கன்னா, படம் சாப்பாட்டு ரூமுக்குப் போயிடும். நீயும் பேசக்கூடாது, ஒங்க ஆத்தாளும் பேசக்கூடாது."

மீனாள் சரின்னா. சாப்பாட்டு ரூமும் நல்ல எடந்தான், குளுகுளுன்னு இருக்கும்னு வேற சொன்னா. ஆனா அவளுக்கு அந்தச் சுவருதான் வேணும். கல்யாணமாகி வந்த மறுநாள்லேர்ந்து அந்தச் சுவத்தைத் தொடைச்சவ அவ. கேக்கற வழக்கமில்லாததால கேக்கல, அவ்வளவுதான்.

விழா சனிக்கெழமை சாயங்காலம். விடியக்காலையிலேர்ந்து வானம் மூடிக்கிட்டு, ஆத்துச் சேத்து வாடை வீட்டுக்குள்ள வரைக்கும் வந்துச்சு. பின்கட்டு அடுப்படியில மீனாளும், பாரிட் ஜாவாவுலேர்ந்து வேலைக்கு வர்ற ரொஹானியும் அரைச்சுக்கிட்டும் கிண்டிக்கிட்டும் இருந்தாங்க. கவுனி அரிசி வெந்துக்கிட்டு இருக்கு. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு பொங்கி நிக்குது. சிங்கப்பூர்லேர்ந்து வர்ற விருந்தாளிங்க கேப்பாங்கன்னு ரொஹானி ஓத்தாக்-ஓத்தாக்குக்கு அரைச்ச மீனை எலையில மடிச்சு அடுக்குறா. சாத்தப்பன் காலைக் கோப்பியக் குடிச்சிட்டு முடி வெட்டப் போயிருந்தாரு. சரண் மாடியில எலக்ட்ரிக்காரனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தான். மீனாளோட போன் மாவு டப்பா மேல சத்தத்தை அமத்தி வச்சுக் கெடந்துச்சு.

அந்த நேரத்துலதான் குணாளன் வந்தான்.

குணாளன் கோயில் பக்கத்துல பூக்கடை வச்சிருக்கிறவன். இந்த வீட்டுக்கு மாலை கட்டுறது அவன் அப்பன் காலத்து வாடிக்கை. ரெண்டு மாசமா ஊர்ல இல்ல, தமிழ்நாட்டுல கோயில் கோயிலாச் சுத்திட்டு முந்தின நாள்தான் வந்து எறங்கியிருந்தான். அதுவரைக்கும் அவன் சம்சாரம் மாலையக் கட்டி வாசல்ல குடுத்துட்டுப் போயிடும், சரண் மாட்டிக்குவான். விழாவாச்சேன்னு அன்னிக்கு குணாளனே நாலு மாலையோட வந்து, ஏணியப் போட்டு, பூட்டன்லேர்ந்து வரிசையா மாட்டிக்கிட்டே வந்திருக்கான். அண்ணன் படத்தை முடிச்சுட்டு ஏணியத் தள்ளிப் போடத் திரும்பினா, அஞ்சாவதா மீனாள் ஆச்சி நேரா அவனைப் பாக்குறாங்க. எப்ப வந்தாலும், சாப்புட்டியாடான்னு கேக்கற அதே பார்வை.

அவன் ஏணியிலயே உக்காந்து அழுதிருக்கான்.

யாரையும் கேக்கல. எழவு நடந்த வீட்டுல போயி எப்ப, எப்படின்னு கேக்கறது மொறையில்ல, அதுவும் தான் ஊர்ல இல்லாதப்ப நடந்ததுன்னா இன்னும் வெக்கம். ராத்திரி வந்த அலுப்புல சம்சாரம் சொல்ல மறந்திருக்கும்னு நெனைச்சுக்கிட்டே கடைக்குத் திரும்பிப் போனான். மத்த நாலையும் விடப் பெருசா, ரோஜாவுல ஒரு மாலை கட்டுனான். கொண்டாந்து மாட்டி, ஊதுபத்தி கொளுத்தி, கும்புட்டு நின்னான். அப்புறம் போனை எடுத்து ஒரு படம் புடிச்சுக் கோயில் வாட்ஸப் குரூப்புல போட்டுட்டான். எழுதறதுக்கு வார்த்தை வராம, ரெண்டு கை கும்புடற பொம்மைய மட்டும் போட்டானாம். ஊருக்கு அது போதும்.

மொதல்ல வந்தது எதிர்த்த கோப்பிக்கடை ஆ செங். முப்பது வருஷமாத் தெரிஞ்ச மனுஷன், மீனாளை ஆச்சின்னுதான் கூப்புடுவாரு, அவ அவரைத் தௌகேம்பா, மொதலாளின்னு. பின்வாசல்ல வந்து நின்னாரு. மொகம் செத்துப் போயி, கையில வெள்ளைக் கவரு. சீனவங்க எழவு வீட்டுக்குப் பணம் வச்சுக் குடுக்கறது அந்தக் கவருலதான். மீனாள் கரண்டியோட நிமுந்து, என்ன தௌகே, யாரு தவறிட்டாங்கன்னு கேட்டா.

ஆ செங் அவளைப் பாத்தாரு. கவரைப் பாத்தாரு. கவரை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு, அடக் கடவுளேங்கற மாதிரி "அலமாக்," னு மட்டும் சொன்னாரு. அப்புறம் வளவுப் பக்கமாக் கையக் காட்டிட்டு, அங்கயே அரிசி மூட்டை மேல உக்காந்துட்டாரு. ரொஹானி அவருக்குத் தண்ணி குடுத்தா.

மீனாள் தலைப்புல கையத் தொடைச்சுக்கிட்டு வளவுக்கு வந்தா. ஊதுபத்திப் புகை சுழண்டுக்கிட்டு இருந்துச்சு. தன்னையே பாத்தா. செவப்பு ரோஜா, நடுவுல வெள்ளை, கீழ சம்பங்கி குஞ்சம். பூட்டன் மாலையை விட ஒரு சாண் எறக்கம். மொதல்ல பயந்துதான் போனா, பொய் சொல்லக்கூடாது. அது போனதுக்கப்புறம் அவளுக்குத் தோணுனது வேற. எடுப்பாத்தான் இருக்குன்னு தோணுச்சு.

அப்பதான் வாசப்பக்கம் செருப்புச் சத்தம். சாத்தப்பன் ஓடி வந்தாரு. பாதி முடிதான் வெட்டியிருந்துச்சு, கழுத்துல முடிவெட்டுறவனோட துணி அப்படியே தொங்குது. சலூன்ல போன் மேல போன் வந்திருக்கு. காலையில அவ கையால கோப்பி வாங்கிக் குடிச்சவரு, அதுக்கப்புறமும் நம்பிட்டாரு. மீனாளைப் பாத்ததும் தூணைப் புடிச்சுக்கிட்டு அப்படியே சறுக்கித் தரையில உக்காந்தாரு.

"எந்திரிங்க. பொடி முடியெல்லாம் வளவு முழுக்கக் கொட்டுது," ன்னா மீனாள். வேற என்ன சொல்றதுன்னு அவளுக்குத் தெரியல.

மாடியிலேர்ந்து சரண் எறங்கி வந்தான். சுபத்திரா பெயிண்டுக் கையோட ஓடி வந்தா. குணாளனைக் கூப்புட்டு விட்டாங்க. அவன் வந்து மீனாள் கால்ல விழுந்தான், எந்திரிக்கவே மாட்டேன்னுட்டான். மீனாளுக்கு அவன் மேல கோவமே வரல. இத்தனை பூவை எனக்காக ஒருத்தன் கட்டியிருக்கானேன்னுதான் இருந்துச்சு. எந்திரிடா, அடுப்படியில பணியாரம் இருக்கு, வெறும் வயித்தோட அழுதிருப்பன்னு சொன்னா. ஆனா சாத்தப்பனுக்குப் பயம் கோவமா மாறிடுச்சு. நான் அப்பவே சொன்னேன், செத்தவங்க வரிசையில வைக்காதேன்னு சொன்னேன், கேட்டீங்களான்னு மகனைப் புடிச்சு ஏறுனாரு. சரண் போன்ல ஒவ்வொருத்தராக் கூப்புட்டு, ஆத்தா நல்லாருக்காங்க, ஆமா, நெசமாத்தான், சாயங்காலம் விழாவுக்கு வாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அவன் ஒருத்தருக்குச் சொல்றதுக்குள்ள ஊருல பத்துப் பேருக்குப் போயிடுது.

கூலாய்லேர்ந்து உமையாள் வந்து எறங்கினா.

சாயங்காலம் விழாவுக்கு வர இருந்தவதான். அரக்குப் பட்டு எடுத்து வச்சிருந்தா. சேதி கேட்டதும் அதைப் பையில போட்டுக்கிட்டு, வெள்ளைச் சீலையக் கட்டிக்கிட்டு, ஹைவேயில மகனை விரட்டி விரட்டிக் காரை ஓட்ட வச்சிருக்கா. வாசல்லயே ஒப்பாரிய ஆரம்பிச்சுட்டா. வளவுக்குள்ள நொழஞ்சா, செத்தவ ஓரமா நின்னு ஊதுபத்திச் சாம்பலைக் கூட்டி அள்ளிக்கிட்டு இருக்கா.

உமையாள் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் வந்து மீனாளோட கன்னத்தைத் தொட்டுப் பாத்தா, தோளைத் தொட்டுப் பாத்தா. கண்ணுல நெசமாவே தண்ணி நின்னுச்சு. அதெல்லாம் ஒரு நிமிஷம். மேல படத்தைப் பாத்ததும் மொகம் மாறிடுச்சு.

"இது என்னடி கூத்து. யாரு மாட்டுனது இதை இங்க?"

சரண், நான்தான் அத்தைன்னான். உமையாள் அவனைத் திரும்பியே பாக்கல, தம்பியத்தான் பாத்தா.

"தம்பி, நான் வாய்விட்டுச் சொல்றேன். இது தப்பு. மொதல்ல அந்தப் படத்தை எறக்கு. விழாவைத் தள்ளி வை. ஐயரைக் கூப்புட்டு என்ன செய்யணுமோ செஞ்சிட்டு அப்புறம் தொறக்கலாம்."

ஒருத்தராச்சும் வாய்விட்டுச் சொன்னா எறக்கறேன்னு சாத்தப்பன் சொல்லியிருந்தாரே, அந்த ஒருத்தர் சொல்லியாச்சு. வளவுல இருந்த எல்லாரும் அவரையே பாத்தாங்க. அவரு எந்திரிச்சு, குணாளன் போட்டு வச்ச ஏணியப் பாத்து நடந்தாரு. கழுத்துத் துணி இன்னும் தொங்கிக்கிட்டேதான் இருக்கு.

பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அதுவரைக்கும் மீனாளும் படத்தைப் பத்திப் பேசல.

"குணா," ன்னா. "அந்த மாலைய எடு."

குணாளன் ஏறி எடுத்தான்.

"யாருக்குக் கட்டுனது இது?"

"ஒங்களுக்குத்தான் ஆச்சி. நான் தெரியாம…"

"எனக்குக் கட்டுனதுன்னா எங்கிட்ட குடு."

வாங்கித் தன் கழுத்துல போட்டுக்கிட்டா. நல்ல கனம். ஈரம் ரவிக்கைய நனைச்சு நெஞ்சு வரைக்கும் குளுந்துச்சு. அடுப்படிச் சீலை, முழங்கை வரைக்கும் மாவு, கழுத்துல ஆளுயர ரோஜா மாலை. அந்தக் கோலத்துலயே நாத்தனாரைப் பாத்துப் பேசுனா. கல்யாணமாகி வந்து அந்த வளவுல அவ அவ்வளவு சேந்தாப்புல பேசுனது அதுதான் மொதத் தடவை.

"அக்கா, இவங்க நாலு பேரும் செத்துப் போனாங்கங்கறதுக்காகவா இங்க மாட்டியிருக்கு? செத்தவங்க ஊர்ல எத்தனையோ பேரு. இவங்க இந்த வீட்டை நடத்துனாங்க, அதனால மாட்டியிருக்கு. இப்ப நான் நடத்துறேன். ஓட்டைப் பிரிச்சுப் போட்டப்ப மழையில தார்ப்பாயப் புடிச்சுக்கிட்டு நின்னவ நான். நடத்துறவ உயிரோட இருக்கிறது ஒரு கொறையா? மாலை செத்தவளுக்குன்னா ஆத்துல விடுங்க. உயிரோட இருக்கிறவளுக்குன்னா கழுத்துல கெடக்கட்டும்."

"நாயம் பேசாதடி. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல," ன்னா உமையாள். "எங்க ஆத்தாளுக்கே இங்க எடமில்ல, தெரியும்ல ஒனக்கு."

"தெரியும் அக்கா. நாந்தான் துணி சுத்தி வச்சேன்."

வெளிய இடி ஒண்ணு நெடுக உருண்டுக்கிட்டுப் போச்சு.

சாத்தப்பன் ஏணியில ஒரு கால வச்சபடியே நின்னாரு. படத்தைப் பாத்தாரு, பொண்டாட்டியப் பாத்தாரு. காலை எடுத்துட்டு மெதுவா வந்து அவ முன்னாடி நின்னாரு. தெருவுல ஓடி வந்தப்ப என்ன நெனைச்சாரோ, அது இன்னும் அவரு கண்ணுல இருந்துச்சு. மாலையை ரெண்டு கையாலயும் புடிச்சு, ஒரு பக்கம் எறங்கியிருந்ததைச் சரி பண்ணாரு.

"கோணலாக் கெடக்கு," ன்னாரு.

அப்புறம் அக்காகிட்டத் திரும்புனாரு. "ஒருத்தர் சொன்னா எறக்கறேன்னு நான் சொன்னது நெசந்தான் அக்கா. பேச்சு மாற மாட்டேன். ஆனா நீ வெள்ளைச் சீலையில நிக்கிற. எம்பொண்டாட்டி உயிரோட நிக்கிறப்ப வெள்ளையில வந்தவங்க பேச்சைக் கேட்டு நான் ஏணியில ஏற மாட்டேன். போயி பட்டைக் கட்டிக்கிட்டு வந்து சொல்லு. எறக்கிடறேன்."

உமையாள் பையைத் தூக்கிக்கிட்டு, எந்த ரூமுடா காலியா இருக்குன்னு மருமகனைக் கேட்டா. சரண் தொறந்து விட்டது அவ சின்ன வயசுல படுத்த அறை. உள்ளாரயிருந்து சத்தம் வந்துச்சு. "ஏண்டா, செம்பனை லாரியப் படமா எழுதி மாட்டியிருக்கியே, இதைப் பாக்கக் காசு குடுத்து வருவாங்களா? எங்க வீட்டு வாசல்ல நின்னா நாள் பூரா சும்மாவே பாக்கலாமே லா." சுபத்திரா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. மீனாளுக்குச் சிரிப்பு வரல. பட்டைக் கட்டிக்கிட்டு வந்ததும் அவ சொல்லிடுவாளே.

ஆனா உமையாள் அரக்குப் பட்டுல வெளிய வர்றதுக்கும் வாசல்ல ஒரு வேன் வந்து நிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. சிம்பாங் ரெங்கத்துலேர்ந்து சாத்தப்பனோட ஒண்ணுவிட்ட தம்பி குடும்பம், முழுக்க வெள்ளையில. பின்னாடியே கோயில் ஆளுங்க. அவங்க பின்னாடி சரணோட பழைய வாத்தியாரு. எல்லாரும் அழுத மொகத்தோட நொழையறாங்க, மாலையும் கழுத்துமா மீனாள் வாசல்ல நிக்கிறா. ஒருத்தரு மயங்கிச் சாயப் பாத்தாரு. எழவு வீட்டுக்கு வந்தவங்க எழவு இல்லாம எப்படித் திரும்பிப் போறதுன்னு தெரியாம நின்னாங்க. மீனாளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். வந்துட்டீங்க, உக்காருங்க, சாப்பாடு போடுறேன்னா.

சாயங்காலத்துக்குன்னு செஞ்சது பகல்லயே காலியாக ஆரம்பிச்சுச்சு. ரொஹானி ஒரு கையால அரைக்கறா, ஒரு கையால எலை போடறா. ஆ செங் கடையிலேர்ந்து கோப்பி வாளியிலயே வந்துச்சு. மீனாள் பணியாரத்தைச் சட்டியில ஊத்தப் போனா மாலை அடுப்புல இடிக்குது. அதைப் பாத்துட்டு உமையாள் பட்டுச் சீலைத் தலைப்பை இழுத்து இடுப்புல சொருவுனா.

"தள்ளு. மாலையோட வந்து எண்ணெய்க்கிட்ட நிக்காத, பத்திக்கும்," னு கரண்டியப் புடுங்குனா. "மாவு ஏன் இப்படித் தண்ணியா இருக்கு?"

"பதமாத்தான் அக்கா இருக்கு."

"ஒனக்குப் பதம்னா எனக்குத் தண்ணி."

அப்புறம் அந்த அடுப்பை விட்டு அவ நகரல. புதுசா யாராச்சும் அழுதுக்கிட்டே உள்ள வந்தா, அடுப்படியிலேர்ந்தே சத்தம் குடுப்பா, "செத்தவ பரிமாறிக்கிட்டு இருக்கா, போயி உக்காந்து சாப்புடுங்க. சூடு ஆறிடும்." வளவுல சிரிப்பு பொங்கும். மழை வந்துச்சு. முத்தத்துல சரம் சரமா எறங்குச்சு, தாவாரத்துல எலை போட்டு உக்காந்திருந்தவங்க கால மடக்கிக்கிட்டுச் சாப்புட்டாங்க. சாப்புட்டுட்டுக் கை கழுவ எந்திரிக்கிற ஒவ்வொருத்தரும் அந்தச் சுவத்துக்கு முன்னாடி நின்னு, கழுத்துல மாலை இல்லாத அஞ்சாவது படத்தையும் மாலையோட நடமாடுற ஆளையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. மரு கூட அப்படியே இருக்குதுன்னு ஒருத்தி சொன்னா. அதை மட்டும் கேக்காத மாதிரி மீனாள் நகந்துட்டா.

சிங்கப்பூர்லேர்ந்து மொத விருந்தாளிங்க பெட்டியோட வந்தாங்க, சீனப் புருஷன் பொண்டாட்டி. வீட்டுக்காரம்மா மாலை போட்டுக்கிட்டுத்தான் வரவேப்பாங்களா, இது இங்க வழக்கமான்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. இன்னியிலேர்ந்து வழக்கம்னான் சரண்.

வெளக்கேத்துற நேரம் வந்துச்சு. பாதி வெட்டுன தலையில தொப்பி ஒண்ணைப் போட்டுக்கிட்டு சாத்தப்பன் நின்னாரு. வீட்டுல பொறந்த பொண்ணுன்னு அக்காளை மொதத் திரிய ஏத்தச் சொன்னாரு. உமையாள் ஏத்துனா. அடுத்த திரி மீனாளுக்கு. ரெண்டு பேரும் வெளக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னாங்க. உமையாள் ஒதடு அசையறப்பல்லாம் மீனாளுக்கு உள்ளுக்குள்ள திடுக்குன்னுச்சு. இப்ப பட்டுலதான் நிக்கிறா. சொன்னா எறக்கித்தான் ஆகணும், அவரு பேச்சு மாற மாட்டாரு. உமையாள் நிமுந்து சுவத்தைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பூட்டனை, பாட்டனை, அப்பச்சிய, தம்பிக்கும் தனக்கும் மூத்தவனை, மீனாளை. மீனாளுக்கு அந்தாண்ட இருந்த வெறுஞ்சுவத்தையும் பாத்தா. அப்புறம், எண்ணெய் போதாது, இன்னும் ஊத்துன்னு மட்டும் சொன்னா.

மழை விட்டு, வந்தவங்க ஒவ்வொருத்தராக் கெளம்புனாங்க. எழவு வீட்டுலேர்ந்து போறவங்க, போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டாங்க. சொல்லாமக் கொள்ளாமத்தான் போவாங்க. அன்னிக்கு அந்த வாசல்ல எல்லாரும் வேணும்னே சத்தம் போட்டுச் சொன்னாங்க. போயிட்டு வர்றோம் ஆச்சி, மறுபடி வர்றோம் ஆச்சின்னு, தெருவுக்கே கேக்கற மாதிரி. குணாளன் ரெண்டு தடவை சொன்னான். ஆ செங் கூட மலாயும் தமிழும் கலந்து ஏதோ சொன்னாரு. மீனாள் ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டிக்கிட்டு நின்னா. மாலை வாட ஆரம்பிச்சிருந்துச்சு, அவ கழட்டல.

கடைசியா உமையாள் பையத் தூக்குனா. வெள்ளைச் சீலைய மடிச்சு அடியில வச்சிருந்தா. தம்பி தோளைத் தட்டுனா, சரண் தலையக் கோதுனா. மீனாளைத் தாண்டி, ஒண்ணும் சொல்லாமப் படியெறங்கிப் போயிட்டா. கார்க் கதவு சாத்துச்சு. மகன் வண்டியக் கெளப்புனான்.

மீனாள் முகப்புல நின்னா. எறக்குன்னும் சொல்லல, வர்றேன்னும் சொல்லல. சொல்லாமப் போறது எந்த வீட்டுலேர்ந்துன்னு உமையாளுக்குத் தெரியாதா? அத்தனை பேரு சொன்னதும் இந்த ஒரு வார்த்தை இல்லாமப் பாதியா நின்ன மாதிரி இருந்துச்சு அவளுக்கு.

கார் ரெண்டடி நகந்து நின்னுச்சு. கண்ணாடி எறங்குச்சு. மீனாள் ஈரத் தெருவுல எறங்கிக் கிட்டப் போனா.

"எங்க ஆத்தா படம் அந்த பீரோலதான கெடக்கு?"

"பத்திரமா இருக்கு அக்கா."

"எடுத்து மாட்டு. அவளுக்கு மாலை போட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது." உமையாள் நேரா ரோட்டைப் பாத்துக்கிட்டே பேசுனா. "அந்த சிலோன் பொண்ணு, படம் எழுத எத்தனை நேரம் உக்கார வைக்கும்? எனக்கு முட்டி வலிக்கும்."

மீனாள் சிரிக்கல. சிரிச்சா கண்ணாடி ஏறிடும்னு அவளுக்குத் தெரியும்.

"நாற்காலி போடச் சொல்லலாம் அக்கா. கையில வெங்காயம் இருந்துச்சுன்னா நேரம் போறதே தெரியாது."

"வெங்காயமெல்லாம் ஒன்னோட வச்சுக்க. நான் பட்டுலதான் உக்காருவேன்." கண்ணாடி பாதி ஏறிடுச்சு. அப்புறம் அந்தச் சந்து வழியா, எதிர்த்த கடையில கோப்பி குடிச்சுக்கிட்டு இருந்தவங்க திரும்பிப் பாக்கற அளவுக்குச் சத்தமா வந்துச்சு, "போயிட்டு வர்றேன் மீனா."

கார் ஆத்துப் பக்கமாத் திரும்பி மறையற வரைக்கும் மீனாள் நின்னா. அப்புறம் உள்ள வந்தா. வளவுல சரண் ஏணிய மடக்கித் தோள்ல வச்சுக்கிட்டு நின்னான். உள்ள கொண்டுபோயி வச்சிடவான்னு கேட்டான்.

"எங்க எடுத்துட்டுப் போற," ன்னா மீனாள். "போடு அதை அங்கயே. இன்னும் ரெண்டு ஆணி அடிக்கணும்."